மூக்கை நம்பிய கப்பல்

சிட்னியில் நான் முதலில் பார்த்தது ஓர் ஆஸ்பத்திரியின் கூரையை. அதற்கு முன்பும் அந்தத் துறைமுகத்துக்கு வந்திருக்கிறேன். ஆனால் ஊரைப் பார்த்ததில்லை. எண்ணெய்க் கப்பல்காரனுக்கு ஊர் என்றால் தூரத்தில் தெரியும் விளக்குகள்தான். எண்ணெய் இறக்கும் துறை ஊருக்கு வெளியே மணல்மேடுகளுக்குப் பக்கத்தில் இருக்கும். குழாயை மாட்டினால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கப்பல் காலி. காலியானதும் புறப்பட்டுவிட வேண்டும். பின்னால் இன்னொரு கப்பல் காத்துக்கொண்டிருக்கும்.

எழுபதுகளின் கடைசி அது. கப்பலில் ஏறுவதற்கு முன் சவூதியில் குழாய் பதிக்கும் கூட்டத்தில் நான் கூலியாக இருந்தேன். எட்டாம் வகுப்போடு நாகப்பட்டினத்தை விட்டு ஓடி, பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, அங்கிருந்து போய்ச் சேர்ந்த இடம் அது. அந்தக் காலத்தில் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறுகளின் எரிவாயுச் சுடர் இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாகத் தெரியும். இருட்டில் கூடாரத்துக்கு வழி கண்டுபிடிக்க அதைத்தான் அடையாளமாக வைத்திருந்தோம். பிறகு மாலுமியாகி எண்ணெய் ஏற்ற அதே கரைக்குத் திரும்பும்போதெல்லாம் சுடர்கள் கூடிக்கொண்டே போயின. கடைசியில் அடிவானம் முழுக்க ஒரே வெளிச்சம். எதையும் அடையாளமாக வைத்துக்கொள்ள முடியாது. கடலுக்குள் புதுப்புதுத் துறைகள் முளைத்தன. கப்பல்கள் பெரிதாயின. அவற்றில் வேலை செய்கிறவர்களின் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருந்தது. நிலத்திலிருந்து எண்ணெய் வரும் வேகத்துக்கு நாங்கள் ஓட வேண்டியிருந்தது.

எங்கள் கப்பலில் நான் பம்ப்மேன். எண்ணெயைக் கரைக்குத் தள்ளும் பம்புகள் கப்பலின் அடிவயிற்றில் ஓர் அறையில் இருக்கும். செங்குத்தான இரும்பு ஏணியில் வெகுதூரம் இறங்க வேண்டும். சவூதி எண்ணெயில் சில வகையில் அழுகின முட்டை வாடையுள்ள ஒரு வாயு கலந்திருக்கும். அது ஆளைக் கொல்லும். அதை அளக்க ஒரு கருவி உண்டு. அது சீஃப் ஆபீசரின் அலமாரியில் இருந்தது, தனக்கு இஷ்டப்பட்ட நாளில் வேலை செய்தது. அதனால் எங்கள் கப்பலில் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. யாரும் பம்ப் அறைக்குள் இறங்குவதற்கு முன் நான் கதவைத் திறந்து, தலையை நீட்டி, மோந்து பார்ப்பேன். நான் “எறங்கு” என்று சொன்னால்தான் இறங்குவார்கள்.

என்னோடு வேலை செய்த யூசுப் நாகூர்க்காரன். என்னைவிட இளையவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கதவருகே நின்றுகொண்டு ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

“அண்ணே, மூக்கு என்ன சொல்லுது?”

“நீ இன்னிக்குக் குளிக்கலைன்னு சொல்லுது.”

“அத என் பொண்டாட்டி ஊர்லேர்ந்தே சொல்லுவா. வாயு இருக்கா, அதச் சொல்லுங்க.”

இன்னொரு விதியும் உண்டு. உள்ளே இருக்கும்போது வாடை வந்தால் மேலே ஏறு. வந்த வாடை சட்டென்று நின்றுபோனால் ஓடு. ஏனென்றால் அந்த வாயு முதலில் மூக்கைத்தான் சாகடிக்கும். வாடை போய்விட்டது என்று நினைத்து நிற்கிறவன் அங்கேயே விழுவான்.

சிட்னியில் அன்று ஒரு வால்வின் கழுத்தில் கசிவு. கரையிலிருந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கினேன். வாடை லேசாக இருந்தது. ஸ்பேனரை வைத்துத் திருகியதும் நின்றுவிட்டது. கசிவை அடைத்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டு இன்னொரு திருகு கொடுத்தேன். மற்றவர்களுக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த விதி என் ஞாபகத்துக்கே வரவில்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கூரைதான். முகமூடி மாட்டிக்கொண்டு யூசுப் இறங்கி, என்னைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினான் என்று பிற்பாடு தெரிந்தது. மிச்ச எண்ணெயை மெல்போர்ன் பக்கம் இறக்குவதற்காகக் கப்பல் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் ஆட்டிறைச்சி, வேகவைத்த உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி கொடுத்தார்கள். மேலே பழுப்பாக ஒரு குழம்பு. மறுநாளும் அதேதான், ஆட்டுக்குப் பதில் மாடு. இந்த நாட்டுச் சாப்பாட்டுக்கு வாசனையே கிடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வார்டில் ஒரு யாழ்ப்பாணத்து நர்ஸ் இருந்தார். பெயர் சிவமலர். கணவரோடு வந்து குடியேறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் பெயர்ச் சீட்டைப் படித்துவிட்டு, “நீங்கள் தமிழோ?” என்று அவர் கேட்டபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

“இந்தச் சாப்பாட்டுல வாசமே இல்லையே சிஸ்டர்” என்று அவரிடம் முறையிட்டேன்.

“ஓம் அண்ணை, இஞ்சை அப்பிடித்தான். நாங்களும் வந்த புதிசிலை அழுதனாங்கள். நாளைக்கு வீட்டிலையிருந்து ஏதும் கொண்டுவாறன்.”

மறுநாள் ஒரு சின்ன டப்பாவில் கத்தரிக்காய்க் குழம்பு கொண்டுவந்தார். மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, “அது என்ன?” என்று கேட்டார். எனக்குப் பளபளக்கும் எண்ணெய் தெரிந்தது, கறிவேப்பிலை தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. சிவமலர் என் முகத்தைப் பார்த்தார். மூடியை மெதுவாக மூடினார்.

டாக்டர் வந்து காப்பித்தூள், புதினா எண்ணெய், இன்னும் என்னென்னவோ மூக்கருகே வைத்துப் பார்த்தார். “நுரையீரல் சரியாக இருக்கிறது. இதயமும் சரி. மூக்கு விஷயம் சொல்ல முடியாது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம்” என்றார்.

“கப்பலுக்குப் போகலாமா?”

“நடக்கிறாய், சாப்பிடுகிறாய். ஏன் போகக்கூடாது?”

பம்ப்மேனுக்கு மூக்கு எதற்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். மூக்கு திரும்பினால் கப்பல். திரும்பாவிட்டால் அந்தக் கப்பலில் எனக்கு வேலை இல்லை. கடலை விட்டால் எனக்கு வேறு இடமும் இல்லை.

மெல்போர்னில் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் எங்கள் கப்பல் அங்கே நங்கூரம் போட்டு நின்றது. நல்லதாகப் போயிற்று. கம்பெனி ஏஜெண்டு என்னைச் சிட்னியில் மாலுமிகள் விடுதியில் தங்கவைத்தார். பல தேசத்து ஆட்கள். பிலியர்ட்ஸ் மேசையைச் சுற்றி நிற்பார்கள், பேசமாட்டார்கள். காலையில் டோஸ்ட், மத்தியானம் பை, ராத்திரி மீனும் உருளைக்கிழங்கும். பை என்பது கையில் அடங்குகிற ஒரு மாவுக் கிண்ணம், உள்ளே கொதிக்கிற இறைச்சிக் குழம்பு, மேலே தக்காளி சாஸ். கடித்தால் சட்டையில் வழியும். வழியாமல் சாப்பிடுகிறவனே அந்த ஊர்க்காரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

பகலில் எனக்கு ஒரே வேலை, மோந்து பார்ப்பது. பெட்ரோல் நிலையத்துக்கு முன்னால் நின்றேன். செருப்புத் தைக்கிற கடையில் பாலிஷ் டப்பாவைத் திறந்து பார்த்தேன். மீன் மார்க்கெட்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், ஒருவர் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். ஒரு பூக்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “வாங்கப்போகிறாயா, மோந்தே தீர்த்துவிடப்போகிறாயா?” என்று கேட்டாள். வாங்கினேன். விடுதியில் கொடுக்க ஆளில்லை. தண்ணீர்க் குவளையில் வைத்தேன், வாடும்வரை இருந்தது.

வாசனை இல்லாத ஊர் ஒரு மாதிரி. வெளியே நடக்கிறோம், ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் நடப்பதுபோல இருக்கும். பம்பாயில் கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தத் தெரு என்று சொல்லிவிடுவேன். சிட்னியில் எல்லாத் தெருவும் ஒரே தெரு. சிலசமயம் பேக்கரி ஜன்னலைப் பார்த்ததும் ரொட்டி வாசனை வந்துவிட்டது போலத் தோன்றும். கண்ணை மூடினால் போய்விடும். கண்தான் மூக்குக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிவமலர் தம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். செவன் ஹில்ஸ் என்ற இடம், ரயிலில் போக வேண்டும். சிவப்பு ரயில், தடதடவென்று ஆடும். கதவைச் சாத்தமாட்டார்கள். ஊர்ப் பாசஞ்சர் மாதிரி இருக்கிறதே என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். அது செவன் ஹில்ஸில் நிற்காத ரயில். பெயர்ப்பலகை என் கண் முன்னால் ஓடி மறைந்தது. அடுத்து எங்கே நிற்கும் என்று எதிரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, “இது மலைப்பக்கம் போகிற ரயில், அதற்குள் எங்காவது நின்றால் உன் அதிர்ஷ்டம்” என்றாள். எப்படியோ இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறித் திரும்பி வந்தேன்.

“எங்கை போனனீங்கள் அண்ணை? சோறு ஆறிப்போச்சு” என்றார் வாசலில் நின்றிருந்த சிவமலர்.

“ரயில் நிக்கவே இல்லீங்க சிஸ்டர்.”

உள்ளேயிருந்து அவர் கணவர் தர்மலிங்கம் சிரித்தார். தொழிற்சாலை ஒன்றில் வரைபடம் போடுகிறவர். “ஓம், அந்த ரயில் என்னையும் ஒருக்கா கொண்டுபோய் விட்டது. வாங்கோ, கதிரையிலை இருங்கோ. உங்கடை எண்ணெயிலை ஓடுற நாட்டிலை உங்களுக்கே ரயில் நிப்பாட்ட மாட்டாங்களாம்.”

“ரயில் மின்சாரத்துல ஓடுதுங்க.”

“அப்ப அதுதான் காரணம்!”

மரவள்ளி கிடைக்காததால் உருளைக்கிழங்கும், உலர்ந்த தேங்காய்த் துருவலில் சம்பலும், தேங்காய்ப்பால் சொதியும், மீன் குழம்பும் செய்திருந்தார்கள். நாக்கில் உப்பு தெரிந்தது, புளி தெரிந்தது, உறைப்பு தெரிந்தது. அதற்கு மேல் குழம்புக்கும் சொதிக்கும் வித்தியாசமில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். பார்க்க நன்றாகவே இருந்தது.

சாப்பிட்டானதும் தர்மலிங்கம் கொல்லைப்புறத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்தார். மிளகாய்த் தூளுக்கு மிளகாயும் மல்லியும் வறுக்க வேண்டுமாம். அடுப்படியில் வறுத்தால் வீடு முழுக்கப் பரவும், ஒரு வாரத்துக்குத் துணிமணியெல்லாம் அதே வாசனையாக இருக்கும், அலுவலகத்தில் ஆட்கள் தள்ளி உட்காருவார்கள். அதனால் வறுவல் எப்போதும் கொல்லையில்தான். மிளகாய் கறுத்துப் புகைந்தது. தர்மலிங்கம் இருமினார். சிவமலர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். வேலிக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரியின் தலை எழும்பியது, அவள் கண்ணிலும் தண்ணீர்.

“வீடு தீப்பிடித்துவிட்டதா?” என்று கேட்டாள்.

“இல்லை, சமையல்” என்றார் தர்மலிங்கம் ஆங்கிலத்தில்.

“இதைச் சாப்பிடுவீர்களா, எலிக்கு வைப்பீர்களா?”

அப்போது நான் தும்மினேன். ஒன்றல்ல, அடக்க முடியாமல் தொடர்ந்து தும்மினேன். மூக்கின் அடியிலிருந்து உச்சந்தலைவரை காந்தியது.

“பாத்தியளே! மூக்கு வேலை செய்யுது!” என்று தர்மலிங்கம் அகப்பையைத் தூக்கிக் காட்டினார். “சிவம், டொக்டரிட்டைச் சொல்லு, மருந்து வேண்டாம், மிளகாய் போதும்.”

சிவமலர் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார். “வடிவாச் சொல்லுங்கோ அண்ணை. மணம் தெரியுதோ?”

“தெரியுது சிஸ்டர்” என்றேன். அந்த நேரத்தில் அதைச் சத்தியமென்றே நம்பினேன். மரத்துக்கிடந்த இடத்தில் அவ்வளவு பெரிய எரிச்சல் வந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்? அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “சந்தோஷம்” என்று சொல்லிவிட்டுக் கோப்பைகளை எடுக்க உள்ளே போனார்.

கப்பலில் ஏறுவதற்காக மெல்போர்னுக்குப் பகல் ரயிலில் போனேன். நாள் முழுக்க மஞ்சள் புல்லும் ஆடுகளும். எங்கள் ஊரில் இவ்வளவு தூரத்துக்குள் நாலு பாஷை மாறிவிடும். இங்கே ஆடுகூட மாறவில்லை. எனக்கெதிரில் இரண்டு பேர் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். பெட்ரோல் கிடைக்காததால் காரை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள்.

“நம் கடலிலேயே எண்ணெய் எடுக்கிறோம். வருஷத்துக்கு வருஷம் கூட எடுக்கிறோம். பிறகு எதற்கு அரபுக்காரனிடம் வாங்குகிறோம்?” என்றார் ஒருவர்.

“நம் எண்ணெய் தண்ணி மாதிரி. காரில் ஊற்றலாம். கார் ஓட ரோடு வேண்டாமா? தாருக்கு அவர்களுடைய கெட்டி எண்ணெய்தான் வேண்டும்” என்றார் மற்றவர்.

அந்தக் கெட்டி எண்ணெயோடுதான் என் கப்பல் அங்கே காத்து நிற்கிறது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர்கள் பேச்சு கால்பந்துக்குப் போய்விட்டது.

மெல்போர்னில் மாலுமிகள் விடுதி நிரம்பிவிட்டதால் ஏஜெண்டு என்னை ஃபுட்ஸ்க்ரேயில் ஒரு வாடகை அறை வீட்டில் சேர்த்தார். அங்கே போகும்போது டிராமில் கயிற்றை இழுத்தால்தான் நிற்கும் என்று தெரியாமல் கடைசிவரை போய்விட்டேன். டிராம்காரர் கோபிக்கவில்லை. தன் தேநீரில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, திரும்பும்போது தானே நிறுத்தி இறக்கிவிட்டார். ஆஸ்திரேலியாவில் எனக்காக நின்ற ஒரே வண்டி அது.

அறையில் ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு. சுவரிலுள்ள பெட்டியில் காசு போட்டால் அந்தக் காசுக்கு உரிய கேஸ் வரும். அதுவும் அவர்களுடைய கடலிலிருந்து வருகிற வாயுதான் என்று வீட்டுக்காரி பெருமையாகச் சொன்னாள். சிட்னியைவிட இங்கே குளிர் அதிகம். ஜன்னலைத் திறக்கவில்லை. பக்கத்து அறையில் ஒரு கிரேக்கர், பெயர் ஸ்தாவ்ரோஸ், கார்த் தொழிற்சாலையில் வேலை. அவருக்கும் எனக்கும் சேர்த்து மொத்தம் நூறு ஆங்கில வார்த்தை இருந்திருக்கும். வராந்தாவில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம்.

வேலைநிறுத்தம் முடிந்தது, நாளை படகில் கப்பலுக்குப் போகலாம் என்று ஏஜெண்டு சொல்லி அனுப்பினார். அந்தச் செய்தி வந்த காலையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். கொதிப்பதற்குள் காசு தீர்ந்து அடுப்பு அணைந்துவிட்டது. சில்லறை மாற்றக் கடைக்குப் போனேன். அடுப்பின் திருகை மூடினேனா என்று நான் யோசிக்கவில்லை. திரும்பி வந்து பெட்டியில் காசு போட்டேன். குளிராக இருந்ததால் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து பையில் துணிகளை அடுக்கினேன். வெகுநேரம் அடுக்கினேன். யூசுப்புக்கு வாங்கிய கம்பளித் தொப்பியை மேலே வைத்தேன். அதற்குப் பிறகு தேநீர் ஞாபகம் வந்தது. தீப்பெட்டியை எடுத்துக் குச்சியை உருவினேன்.

கதவு உடைகிற மாதிரி இடித்தார்கள். நான் எழுவதற்குள் ஸ்தாவ்ரோஸ் உள்ளே வந்துவிட்டார். வாயைக் கையால் மூடியிருந்தார். என் கையிலிருந்த தீப்பெட்டியைத் தட்டிவிட்டார், ஜன்னலைத் தள்ளித் திறந்தார், அடுப்பின் திருகை மூடினார். என் சட்டையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் சாய்த்தார்.

“கேஸ்! கேஸ்! உனக்கு மூக்கு இல்லையா?”

வீட்டுக்காரியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஓடி வந்தாள். வீடு முழுக்க நாறுகிறது, தெருவரை வருகிறது என்றாள். அந்த வாயுவுக்கு இயற்கையில் வாடையே கிடையாது என்பது எனக்குத் தெரியும். கசிந்தால் மனிதர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே கெட்ட வாடையைக் கலந்து அனுப்புகிறார்கள். எல்லாருக்கும் தெரிந்தது.

படியில் உட்கார்ந்திருந்தபோது மிளகாய்க் கதை எனக்கு விளங்கியது. கண்ணில் மிளகாய் பட்டால் கண்ணும் எரியும், நீர் வடிக்கும். அதற்காகக் கண் மோந்து பார்க்கிறது என்று அர்த்தமில்லை. என் மூக்கும் அன்று எரியத்தான் எரிந்தது. சிவமலருக்கு அது தெரிந்திருக்கும். நர்ஸ் அல்லவா. என் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார்.

ஸ்தாவ்ரோஸ் எனக்குத் தன் அறையில் கசப்பான காப்பி போட்டுக் கொடுத்தார். சின்னக் கோப்பை, அடியில் மண்டி. பக்கத்தில் உட்கார்ந்து நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மூக்கைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து, என்ன ஆயிற்று என்று சைகையில் கேட்டார். “கப்பல்” என்றேன். அவர் தன் இடது கையைக் காட்டினார். இரண்டு விரல் இல்லை. “தொழிற்சாலை” என்றார்.

மறுநாள் காலை படகு என்னைக் கப்பலுக்குக் கொண்டுபோயிற்று. நங்கூரத்தை எடுத்து, கடலுக்குள் இருந்த எண்ணெய்த் துறையில் அதைக் கட்டியிருந்தார்கள். தூரத்திலிருந்தே கைப்பிடிச் சுவருக்கு மேல் யூசுப்பின் தலை தெரிந்தது. ஏணியில் பாதி ஏறுவதற்குள் பையைப் பிடுங்கிக்கொண்டான்.

“வந்துட்டாரு, மூக்கு வந்துட்டாரு!” என்று கத்தினான். “என்னாண்ணே, மெலிஞ்சிட்டீங்க? வெள்ளக்காரன் சோறு போடலியா?”

சீஃப் ஆபீசர் ஸ்காட்லாந்துக்காரர். அதிகம் பேசாதவர். இறங்கி வந்து கைகொடுத்தார். “குழாய் மாட்டியாகிவிட்டது. பம்ப் அறையைப் பார்த்துச் சொன்னால் ஆரம்பித்துவிடலாம். ஏற்கெனவே நாள் கடந்துவிட்டது, சவூதியில் அடுத்த சுமை காத்துக்கொண்டிருக்கிறது” என்றார்.

பம்ப் அறைக் கதவருகே யூசுப்போடு இன்னும் இரண்டு பேர் ஸ்பேனர்களோடு நின்றார்கள்.

“நீங்க இல்லாம ரொம்ப பேஜாருண்ணே” என்றான் யூசுப். “ஆளுக்கொரு மூக்க நீட்டிப் பாத்தோம். ஒருத்தன் இருக்குங்கிறான், ஒருத்தன் இல்லங்கிறான். கடைசியில சமையக்கார பண்டாரியக் கூட்டியாந்தோம். அவன் எட்டிப் பாத்துட்டு, வெங்காயம் மட்டுந்தான் தெரியுதுங்கிறான்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழக்க தோஷத்தில் கதவைத் திறந்து தலையை நீட்டினேன். சிரிப்பு நின்றது. கீழே ஏணி இருட்டுக்குள் போயிற்று, அடியில் ஒரு விளக்கு. குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது.

“அண்ணே, மூக்கு என்ன சொல்லுது?”

ஒருவேளை அங்கே ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாம். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் இருக்காது. “எறங்கு” என்றால் இறங்கியிருப்பார்கள், வேலையை முடித்துவிட்டு ஏறி வந்து டீ குடித்திருப்பார்கள். ஸ்பேனர் வைத்திருந்த இரண்டு பேரும் காலை ஏணிப் பக்கம் நகர்த்திவிட்டார்கள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தலையை வெளியே எடுத்துக் கதவைச் சாத்தினேன்.

“எனக்குத் தெரியல யூசுப்.”

“என்ன தெரியல?”

“இருக்கா இல்லையான்னு தெரியல. எதுவுமே தெரியல. மூக்கு போயிருச்சு.”

அவன் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். “சத்தமாச் சொல்லாதீங்க. அவரு காதுல வுழுந்தா எறக்கி வுட்டுருவாரு. நான் பக்கத்துல நிக்கிறேன், நான் மோந்துக்கிறேன். நான் கண்ணக் காட்டுனா நீங்க சொல்லுங்க. ரெண்டு பேருக்கு ஒரு மூக்கு போதாதா?”

“நீ தூங்குற நேரத்துல யாரு மோப்பா? அப்பவும் நான் எறங்குன்னா எறங்குவானுங்கள்ல?”

அவனுக்குக் கோபம் வந்தது. “ஒங்கள அந்தக் குழியிலேர்ந்து இழுத்துப் போட்டது இதுக்குத்தானா? இங்கேர்ந்து போயி என்னா பண்ணுவீங்க? ஊர்ல ஒங்களுக்கு யாரு இருக்கா?”

யாரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் கேட்டான்.

சீஃப் ஆபீசரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். மேல்தளத்தில் ஏதாவது வேலை தர முடியுமா என்று யோசித்தார். எல்லா இடமும் நிரம்பியிருந்தது, ஒரு ஆளை வீணாகச் சுமக்க இந்தக் கப்பலில் இடமில்லை என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னார். கம்பெனி செலவில் ஊருக்கு அனுப்புவார்கள், அதுவரை ஏஜெண்டு பார்த்துக்கொள்வார். சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய், வாயு அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு பம்ப் அறைப் பக்கம் நடந்தார். தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

யூசுப்பிடம் தொப்பியைக் கொடுத்தேன். சவூதிக்குப் போகிற கப்பலில் கம்பளித் தொப்பி எதற்கு என்று அவன் கேட்கவில்லை. தலையில் மாட்டிக்கொண்டான். என் பையை அவனே படகில் இறக்கிவைத்தான். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

படகு விலகும்போது பம்புகள் ஓடத் தொடங்கின. கப்பலின் இரும்பு முழுக்க அதிர்கிற அந்தச் சத்தத்தை வெளியிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குழாய்கள் துள்ளி அடங்கின. சவூதி எண்ணெய் கரைக்கு ஏறிக்கொண்டிருந்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். படகுக்காரர் கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

“இந்த நாற்றத்தில் எப்படித்தான் வருஷக்கணக்காக இருக்கிறீர்களோ!” என்றார்.

நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் கப்பலைப் பார்த்து உட்கார்ந்தேன். இழுக்க முடிந்த மட்டும் மூச்சை இழுத்தேன். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை. குளிர் மட்டும் உள்ளே போயிற்று.